பையன் பத்தாம் வகுப்பு, ராணுவ ஆசை: எந்த வாசல் எந்த வயதில் திறக்கிறது, எப்போது மூடுகிறது

ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடமாக என்.சி.சி.யில் இருக்கிறான், ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்கிறான். பத்து முடித்ததும் அக்னிவீரில் சேர்த்துவிடு, அங்கிருந்தே மேலே போய்விடலாம் என்கிறார் மைத்துனர். மகள் ஏழாம் வகுப்பு, அவளும் அண்ணனைப் பார்த்து அதையே சொல்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் ராணுவத்தில் இருந்ததில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும்?"

பதினேழு வருடம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும், கூடவே என்.சி.சி. சாராகவும் இருந்தவன் நான். இதே கேள்வியோடு வந்த பெற்றோர் நிறைய. அவர்களில் பாதிப் பேர் வந்தது பையன் பன்னிரண்டு முடித்த பிறகு. நீங்கள் பத்திலேயே கேட்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மைத்துனர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் "மிலிட்டரியில் சேர்வது" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே அது இரண்டு தனித்தனி வேலை: ஜவான் ஒன்று, அதிகாரி ஒன்று. அக்னிவீர் என்பது ஜவானாகச் சேரும் வழி. தேர்வு, பயிற்சி நடக்கும் இடம், சம்பளம், பொறுப்பு எல்லாமே வேறு. ஜவானாகச் சேர்ந்து அதிகாரியானவர்கள் உண்டு, அதற்கென்று டேராடூனில் ராணுவக் கேடட் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் அது அங்கே போய்ச் சேர்ந்தபின் சிலருக்கு அமையும் வழி. அதிகாரி ஆவதுதான் குறி என்றால் அதை முதல் வழியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பத்து முடித்ததும் அக்னிவீரில் சேர்க்கவே முடியாது. குறைந்தபட்ச வயது பதினேழரை. உங்கள் பையன் பத்து முடிக்கும்போது பதினைந்தோ பதினாறோதான் ஆகியிருக்கும். இடையில் எப்படியும் ஒன்றரை, இரண்டு வருடம் கிடக்கிறது. அந்த நேரத்தில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படித்துவிடலாம். படித்துவிட்டால் அதிகாரி வாசல்களும் திறந்திருக்கும், அக்னிவீரில் தொழில்நுட்பப் பிரிவும் திறந்திருக்கும். மைத்துனரிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள், வீட்டில் சண்டை வராது.

அக்னிவீரை நான் மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது என்ன என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டம். நான்கு வருடப் பணி. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 ரூபாயை நிதிக்குப் பிடித்துக்கொண்டு 21,000 ரூபாய் கையில் தருவார்கள். அரசும் அதே அளவு போடும். நான்கு வருட முடிவில் வட்டியோடு சேர்த்துச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் வரும், அதற்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியம் கிடையாது. ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் வெளியே வர வேண்டியதுதான், பதினேழரையில் சேர்ந்தவனுக்கு அப்போது இருபத்தொன்றரை வயது. ப்ளஸ் டூ கையில் இருந்தால் வெளியே வந்தபின் பட்டம், போலீஸ், துணை ராணுவம் என்று நகரலாம். பத்தோடு போனவனுக்கு அந்தச் சுலபம் குறைவு. குடும்பத்துக்கு உடனே பணம் தேவை என்ற நிலை இருந்தால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன்.

இனி அதிகாரி வழி. பள்ளிப் பையனுக்கு முதலில் தெரிய வேண்டிய பெயர் என்.டி.ஏ., தேசிய பாதுகாப்பு அகாடமி. புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சேர்த்து ஒரே வளாகத்தில் மூன்று வருடப் பயிற்சி. படிப்பும் உண்டு, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் தருகிறார்கள். அதற்கு மேல் தரைப்படைக்காரர்கள் டேராடூனுக்கும், கடற்படைக்காரர்கள் கேரளத்தின் எழிமலைக்கும், விமானப்படைக்காரர்கள் ஐதராபாத் பக்கம் துண்டிகலுக்கும் போவார்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாட்டுக்குப் பெற்றோர் கட்ட வேண்டியதில்லை. உதவித்தொகையாக மாதம் 56,100 ரூபாய் வருவது கடக்வாஸ்லாவில் இருக்கும் மூன்று வருடத்தில் அல்ல, அதற்குப் பிந்தைய பயிற்சியில்தான். யூடியூபில் "பதினாறு வயதில் அரை லட்சம் சம்பளம்" என்று போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது, வருடத்துக்கு இரண்டு முறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும். சென்னை, மதுரை, கோவையில் மையம் உண்டு. பயிற்சி தொடங்கும் நாளில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பையனுக்கு நான்கு, ஐந்து முறை எழுத வாய்ப்பு இருக்கிறது. முதல் முறைகளில் ஒன்று ப்ளஸ் டூ பொதுத்தேர்வை ஒட்டி வரும். அதைப் பார்த்துப் பயப்படாமல், பழகிக்கொள்ள எழுதுவதாக நினைத்து எழுதட்டும்.

கணிதத் தாள் 300 மதிப்பெண், பொதுத்திறன் தாள் 600. பொதுத்திறனில் 200 ஆங்கிலம், மீதி 400-க்கு இயற்பியல், வேதியியல், பொது அறிவியல், வரலாறு, புவியியல், நடப்புச் செய்திகள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ் வழிப் பிள்ளைகள் முதலில் இடறுவது இங்கேதான். கணக்குத் தெரியும், கேள்வி புரியாது. 'அணி' என்றால் தெரியும், 'மேட்ரிக்ஸ்' என்றால் தெரியாது. இதற்கு மருந்து ஒன்றுதான்: ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் நாளிலிருந்து தமிழ்ப் பாடநூலோடு அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது. இரண்டுமே அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என் மாணவர்களில் இதைச் செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் பயம் போனது. செய்யாமல் நேரே கோச்சிங் சென்டருக்குப் போனவர்கள் அங்கேயும் பின்பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

எழுத்துத் தேர்வில் தேற எவ்வளவு வேண்டும்? கடந்த சில ஆண்டுகளில் 900-க்கு ஏறக்குறைய 290-லிருந்து 360-க்குள்தான் கட்-ஆஃப் நின்றிருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தனியாக ஒரு குறைந்தபட்சமும் எடுத்தாக வேண்டும், ஆகையால் கணிதத்தில் சைபர் வாங்கி ஆங்கிலத்தால் ஈடுகட்ட முடியாது. மலைக்க வைக்கும் அளவு அல்ல. ஆனால் எழுதுவோர் லட்சக்கணக்கில், இடங்கள் ஏறக்குறைய நானூறு. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வீட்டில் அடுத்த மே, ஜூனில் எடுக்கப்போகும் முடிவுக்கு வருகிறேன். ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப்? என்.டி.ஏ.வின் தரைப்படைப் பிரிவுக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் காமர்ஸ் எடுக்கிறேன்" என்று ஒரு பையன் என்னிடம் வந்தான். விதி உண்மைதான். ஆனால் அந்த 300 மதிப்பெண் கணிதத் தாள் காமர்ஸ் பையனுக்கும் அதே தாள். அதில் வருவது நுண்கணிதம், திரிகோணமிதி, வெக்டர், பகுமுறை வடிவியல், நிகழ்தகவு. எல்லாம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணிதப் பாடம். படிக்காத பாடத்தைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது நடக்காத காரியமில்லை, நான் பார்த்தவரை நடந்ததில்லை. கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கோ இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம்.

கணிதம் உள்ள அறிவியல் குரூப் எடுத்தால் இன்னும் இரண்டு வாசல் கூடவே திறக்கும். ஒன்று, தரைப்படையின் பத்து கூட்டல் இரண்டு தொழில்நுட்ப நுழைவு. அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினும் எழுதியிருக்க வேண்டும். தனியாக எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் அடிப்படையில் பட்டியலிட்டு நேரே நேர்காணலுக்கு அழைப்பார்கள். தேர்ந்தால் ராணுவச் செலவிலேயே பொறியியல் பட்டம், பிறகு அதிகாரியின் முதல் பதவியான லெப்டினன்ட். இரண்டாவது, கடற்படையின் பி.டெக். நுழைவு: 70 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம், ஜே.இ.இ. தரவரிசை. நான்கு வருடம் எழிமலையில் படிப்பு. ஜே.இ.இ. என்றதும் ஐ.ஐ.டி. நினைவுக்கு வந்து நம் பிள்ளைகள் விண்ணப்பமே போடுவதில்லை. ஐ.ஐ.டி. கிடைக்காத மதிப்பெண்ணுக்கும் இங்கே அழைப்பு வந்திருக்கிறது. விண்ணப்பம் போட்டு வைக்கட்டும்.

எழுத்துத் தேர்வு பாதிக் கிணறு. மீதிக் கிணறு எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியம். என்.டி.ஏ.வில் அதற்கும் 900 மதிப்பெண். ஐந்து நாள் அவர்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் என்றால் பெங்களூருவில் தரைப்படைக்கும், மைசூருவில் விமானப்படைக்கும் வாரியங்கள் இருக்கின்றன. முதல் நாளே ஒரு வடிகட்டல்: அறிவுத்திறன் தேர்வு, பிறகு மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவாக உட்கார்ந்து பேசச் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

மிச்ச நாட்களில் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடி. மனதில் வந்த வாக்கியத்தை எழுத வேண்டும். அறுபது சூழ்நிலைகள், முப்பது நிமிடம்: நீ பஸ்ஸில் போகிறாய், ஓட்டுநர் மயங்கிவிட்டார், என்ன செய்வாய் என்ற மாதிரி. யோசித்து அலங்கரிக்க நேரமே தர மாட்டார்கள், அது வேண்டுமென்றே. மனிதன் உள்ளே எப்படியோ அப்படியே தாளில் வந்துவிழ வேண்டும். பிறகு வெளியே மைதானத்தில் பலகை, கயிறு, மரக்கட்டை கொடுத்து, தடைகளைத் தாண்டி ஒரு சுமையை அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்வார்கள். சிவப்புப் பூச்சு உள்ள இடத்தைத் தொடக் கூடாது. தலைவன் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள். யார் யோசனை சொல்கிறான், யார் அடுத்தவன் யோசனையைக் காது கொடுத்துக் கேட்கிறான், யார் கயிற்றின் பாரமான முனையைப் பிடிக்கிறான் என்று ஓர் அதிகாரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். சுமை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

பதினைந்து குணங்களைத் தேடுகிறார்கள் என்பது அவர்கள் மறைக்காத விஷயம். பொறுப்புணர்ச்சி, முன்முயற்சி, ஒத்துழைப்பு, சீக்கிரம் முடிவெடுப்பது, குழுவைத் தன் பக்கம் இழுப்பது, உற்சாகம், தாக்குப்பிடிக்கும் திறன் என்று அந்தப் பட்டியல் போகும். இவற்றில் ஒன்றுகூட இரண்டு வார கோச்சிங்கில் வராது. அங்கே போய்ப் பொய்யாக நடிக்கிறவனை எப்படியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் உளவியலாளர், குழுப் பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கடைசி நாளில்தான் ஒன்றாக உட்கார்கிறார்கள். எழுத்தில் சிங்கமாக இருந்தவன் மைதானத்தில் பூனையாக இருந்தால் அங்கே வெளுத்துவிடும்.

நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கே. நம் வகுப்பறையில் நல்ல பையன் என்றால் கேட்டால் மட்டும் பேசுபவன். "தெரியாமல் வாயைத் திறக்காதே" என்று நாமே சொல்லி வளர்த்துவிட்டு, குழு விவாதத்தில் அவன் கடைசி வரை வாய் திறக்காமல் இருந்தால் கோபித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று அங்கே எதிர்பார்ப்பதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறானா என்று பார்ப்பார்கள். என் மாணவன் ஒருவன் மூன்று முறை போய்த் திரும்பினான். மூன்று முறையும் ஒரே காரணம் என்று எனக்குத் தோன்றியது: இலக்கணம் சரியா என்று மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஆளிடம் போய்விடும். கல்லூரியில் விடுதிச் செயலாளரானான், மெஸ் கணக்கில் நாள்தோறும் பத்துப் பேரிடம் சண்டை போட்டான். நான்காம் முறை தேறிவிட்டான். மெஸ் சண்டைதான் அவனுக்குக் கோச்சிங்.

ஆகவே இப்போதிருந்து பையனுக்கு என்ன செய்யலாம் என்றால், பள்ளி விளையாட்டு விழாவில் ஏதாவது ஒரு வேலையை அவன் தலையில் கட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற்பாடு போதும், மைக் செட் போதும். பத்துப் பேரை வைத்து ஒரு வேலையை முடிக்கிற அனுபவம் வேண்டும். அணி விளையாட்டு ஒன்று வேண்டும், கபடியும் சேர்த்தி. ஆங்கிலச் செய்தித்தாள் தினம் ஒரு பக்கம், அதை உங்களிடம் தமிழில் சொல்லட்டும், நண்பனிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

என்.சி.சி.க்கு வருவோம். இரண்டு வருடம் இருந்திருக்கிறான் என்றால் பள்ளி மட்டமான ஜூனியர் டிவிஷன் முடித்து 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதியிருப்பான். அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கிற டிபனுக்காகச் சேர்ந்தவர்கள் என் படையில் எப்போதும் பாதிப் பேர் இருந்தார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் 'ஏ' சான்றிதழ் அதிகாரிக்கான டிக்கெட் என்று சில பெற்றோர் நம்புகிறார்கள். அப்படியில்லை. என்.டி.ஏ.வில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அக்னிவீர் தேர்வில் போனஸ் மதிப்பெண் உண்டு. நிஜமான பலன் கல்லூரியில் தொடர்ந்தால்தான். சீனியர் டிவிஷனில் 'பி', பிறகு 'சி' சான்றிதழ். 'சி'யில் குறைந்தது பி கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவு என்ற வழியில் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். வயது 19 முதல் 25 வரை. பயிற்சியும் வேறெங்கோ இல்லை, வழக்கமாக நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான்.

என்.சி.சி. 1948 ஜூலையில் தொடங்கிய அமைப்பு. 1962 சீனப் போருக்குப் பிறகு சில காலம் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாகக்கூட இருந்தது. தமிழ்நாட்டுக்கும் அதற்கும் ஒரு பழைய பிணக்கு உண்டு: 1968 ஜனவரியில் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களை எதிர்க்கும் பகுதியும் இருந்தது. இன்றைக்கு நம் பள்ளி மைதானங்களில் "சாவ்தான், விஸ்ராம்" சத்தம் கேட்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

இந்தச் சிறப்பு நுழைவை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்.டி.ஏ. கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பதினெட்டு வயதில் நொறுங்கிப் போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். பட்டம் முடித்தபின் சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு இருக்கிறது. அதில் சென்னை அகாடமிக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்களுக்குக் கணிதத் தாளே கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும்தான். விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட். என்ற தனித் தேர்வு இருக்கிறது. சென்னையில் பயிற்சி பெற்று வந்தவர்தான் 2014-ல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்து அசோகச் சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன். கல்லூரி முடித்தபின் போனவர் அவர். சென்னை அகாடமி வழியாகப் போவது குறுகிய காலப் பணி: முதலில் பத்து வருடம், பிறகு நான்கு வருடம் நீட்டிக்கலாம், தகுதியானவர்களுக்கு நிரந்தரப் பணியும் கிடைக்கும்.

மகளைப் பற்றி. அவளுக்கு அண்ணனைவிட நேரம் அதிகம், ஆனால் அவசரமும் அவளுக்குத்தான். டேராடூனில் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி என்று ஒரு பள்ளி இருக்கிறது, பெயர்தான் கல்லூரி. 1922-ல் தொடங்கியது, 2022-லிருந்து பெண்களையும் சேர்க்கிறார்கள். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் சேர்க்கை, சேரும் நாளில் வயது பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. தமிழ்நாட்டில் அதை டி.என்.பி.எஸ்.சி. சென்னையில் நடத்துகிறது. குரூப் 4 நடத்துகிறவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தேர்வு நடத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மகளின் பிறந்த மாதத்தைப் பொறுத்து இன்னும் ஒன்றோ இரண்டோ வாய்ப்பு மிச்சமிருக்கும். இடங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

அது கிடைக்காவிட்டால் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளி, பிள்ளைகளை ராணுவ அதிகாரி வேலைக்குத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி, 1962-லிருந்து இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்கை. ஆறை அவள் தாண்டிவிட்டாள். ஒன்பதுக்கு வயது 13 முதல் 15, பெண்களுக்குக் காலியிடம் இருந்தால் மட்டும். ஒன்பதாம் வகுப்பு நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கும். சைனிக் பள்ளி இலவசம் இல்லை, கட்டணம் லட்சத்தைத் தாண்டும். வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு, ஆனாலும் முதலில் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டி வரலாம். இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சைனிக் பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போய்விடுவதும் இல்லை. டாக்டர், என்ஜினியர், ஐ.ஏ.எஸ். என்று போனவர்கள் ஏராளம்.

இரண்டுமே கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எட்டாம் வகுப்பில் என்.சி.சி.யில் சேரட்டும். 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு என்.டி.ஏ. பெண்களுக்கும் திறந்துவிட்டது. 2022-ல் சேர்ந்த முதல் தொகுப்பில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஒரு தேர்வுக்குப் பெண்களுக்கு முப்பதுக்கும் குறைவான இடங்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உயிரியல் எடுத்தால் நீட் வழியாகப் புனேயில் ராணுவ மருத்துவக் கல்லூரி உண்டு, பெண்களுக்கு மட்டுமான ராணுவ நர்சிங் பி.எஸ்சி.யும் உண்டு, நர்சிங் முடித்தவர்களும் அதிகாரி பதவியில்தான் சேர்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் சேரும்போது கையெழுத்திடும் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். இத்தனை வருடம் பணி செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும்.

உடல் தகுதியில் நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று. பையனை இந்த மாதமே ஒரு கண் மருத்துவரிடம் கூட்டிப்போய் நிறக்குருடு சோதனை செய்யுங்கள். புத்தகத்தில் உள்ள புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கிற சோதனை, பத்து நிமிடம் ஆகாது. ஆண்பிள்ளைகளிடம் இது அதிகம், இருப்பவனுக்கே தெரியாது, சிகிச்சையும் கிடையாது. எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் இதைக் கேட்டு உட்கார்ந்துவிட்ட ஒரு பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, சொத்தைப் பல் இவையும் பார்ப்பார்கள். பல்லைச் சரிசெய்யலாம், எடையைக் குறைக்கலாம். கண்ணாடி போட்டிருந்தால் உடனே மனம் தளர வேண்டாம், தரைப்படையில் ஒரு அளவு வரை ஏற்கிறார்கள். விமானம் ஓட்டத்தான் கெடுபிடி.

பயிற்சியில் அடிபட்டுப் பாதியில் வெளியே அனுப்பப்படுகிற கேடட்களும் இருக்கிறார்கள். பணியில் அமர்த்தப்படுவதற்கு முன் என்பதால் முன்னாள் ராணுவத்தினருக்கான சலுகைகள் அவர்களுக்கு இல்லாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது, அதன் பிறகு மருத்துவ வசதி கிடைத்திருக்கிறது. பையனிடம் இதை மறைக்காதீர்கள். கேட்டபிறகும் போகிறேன் என்றால் அது அவன் முடிவு.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் அவசரமானது. யு.பி.எஸ்.சி. பிறந்த தேதிக்கு ஏற்றுக்கொள்வது பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும்தான். ஆதாரும் ஜாதகமும் செல்லாது. நம் பெயர்களில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால் இருக்கும், ஒரு இடத்தில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். பள்ளியில் சேர்க்கும்போது யாரோ போட்ட தேதியில் ஒரு மாதம் முன்னே பின்னே இருந்து, அதனால் வயது வரம்பில் ஒரு தேர்வு வாய்ப்பை இழந்தவர்களும் உண்டு. இப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியல், தயாராகிக்கொண்டிருக்கும். அது போய்விட்டால் திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். நாளைக்கே வகுப்பாசிரியரைப் பார்த்து, பையன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.